கேபிளை நிறுத்தி இணையத்தில் டிவி பார்க்க: எது வேண்டும், எது வீண் செலவு

கேபிள்காரரிடம் "அடுத்த மாசத்திலிருந்து வேண்டாம்" என்று சொல்வதற்கு முன், வீட்டில் யார் எந்தச் சேனலை எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலானோர் முதலில் டிவியின் எச்டிஎம்ஐ துளையில் மாட்டி ஆப்களை ஓட்டும் சிறு கருவியான ஸ்டிக்கை வாங்கிவிட்டு, பிறகுதான் சேனலைத் தேடுகிறார்கள். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும்: முதலில் சேனல், அடுத்து இணைய இணைப்பு, கடைசியில் கருவி.

எந்தச் சேனல் எங்கே கிடைக்கும்

செய்திச் சேனல்களுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். புதிய தலைமுறை, தந்தி டிவி, பாலிமர் போன்றவை யூடியூபில் இலவசமாக நேரலையில் ஓடுகின்றன. சன் டிவி, கே டிவி வகையறா சன் நெக்ஸ்ட் ஆப்பில். ஜீ தமிழ், ஜீ5-இல். விஜய் டிவி, கலர்ஸ் தமிழ் நிகழ்ச்சிகள் ஜியோஹாட்ஸ்டாரில். ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரியில் ஒன்றானபோது பிறந்த ஆப் அது. ஐபிஎல் நேரலையும் அதில்தான். சோனி ஸ்போர்ட்ஸ் சேனல்களில் வரும் போட்டிகளுக்கு சோனிலிவ். பொதிகை என்று நாம் பழகிய டிடி தமிழைப் பார்க்க, பிரசார் பாரதி 2024 நவம்பரில் கொண்டுவந்த வேவ்ஸ் ஆப் இருக்கிறது.

சந்தா கட்டும் முன் கவனிக்க வேண்டியவை இரண்டு. மிக மலிவான சந்தா பல ஆப்களில் 'மொபைல்' சந்தா. போனில் மட்டும் ஓடும், டிவியில் திறக்காது. பணம் கட்டும் பக்கத்தில் 'டிவி' என்ற வரிக்கு நேரே டிக் இருக்கிறதா, ஒரே நேரத்தில் எத்தனை திரை என்று பாருங்கள். இரண்டாவது, சீரியலை நினைத்த நேரத்தில் பார்ப்பவருக்கு ஆப் வசதி. டிவியைப் போட்டுவிட்டு அது பாட்டுக்கு ஓடட்டும் என்று சமையல் செய்பவருக்கு அது தொல்லை. ஒவ்வொரு அத்தியாயத்தையும் தேடி எடுக்க வேண்டியிருக்கும். மூன்று நான்கு சந்தா சேர்ந்தால் மாதக் கணக்கு பழைய கேபிள் பில்லைத் தாண்டிவிடவும் கூடும். கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொரு வழி: பிராட்பேண்டோடு வரும் டிவி

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. இணைப்புக் கொடுக்கும் நிறுவனமே தன் ஃபைபர் வழியாக நூற்றுக்கணக்கான சேனல்களை நேரலையில் தரும் ஐபிடிவி முறை இது. பிஎஸ்என்எல் இதை ஐஎஃப்டிவி என்ற பெயரில் 2024 அக்டோபரில் தொடங்கியபோது முதலில் கொடுத்தது மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும்தான். சேனல்கள் அவர்களுடைய வலைப்பின்னலுக்குள்ளேயே வருவதால் உங்கள் டேட்டாவில் கழியாது. ஜியோஃபைபர், (வயரில்லாமல் வரும்) ஏர்ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கு ஜியோடிவி பிளஸ் இருக்கிறது. செட்டாப் பாக்ஸ் இல்லாமலும் ஆண்ட்ராய்டு டிவியிலோ ஃபயர் டிவி ஸ்டிக்கிலோ ஏற்றி, இணைப்பில் பதிந்துள்ள எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் திறந்துகொள்ளும். ஏர்டெல் 2025 மார்ச்சில் தன் ஐபிடிவியைக் கொண்டுவந்தது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதுதான் சரியான தேர்வு என்போம். செட்டாப் பாக்ஸோடு எடுத்தால் எண்கள் உள்ள ரிமோட் கிடைக்கும். சேனல் எண்ணை அழுத்தினால் சேனல் வரும். ஆப்பைத் திற, யார் பார்க்கிறீர்கள் என்று தேர்ந்தெடு, தேடு என்ற சடங்கெல்லாம் இல்லை. குறை என்னவென்றால், இந்தச் சேனல் வசதி அந்த நிறுவனத்தின் இணைப்போடு கட்டப்பட்டது. வேறு இணைப்புக்கு மாறினால் போய்விடும். சேரும் முன் சேனல் பட்டியலை வாங்கி, நீங்கள் தாளில் எழுதிய பெயர்களோடு ஒப்பிடுங்கள். '500 சேனல்' என்ற எண்ணிக்கையால் பயனில்லை. உங்களுக்கு வேண்டிய எட்டுப் பத்து தமிழ்ச் சேனல்கள் அதில் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

இணைப்பு எவ்வளவு வேகம் வேண்டும்

எச்டி படத்துக்கு 5 முதல் 8 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும். எனவே 50 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தால் இரண்டு டிவியும் நான்கு போனும் தாராளமாக ஓடும். படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பதற்காக 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுவது பெரும்பாலும் வீண். கோளாறு வேறிடத்தில் இருக்கும்.

டேட்டாக் கணக்கு எளிது. 5 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 2.25 ஜிபி. தினம் 6 மணி நேரம் என்றால் மாதம் 405 ஜிபி. 'அன்லிமிடெட்' என்று விற்கும் பிளான்களிலும் ஒரு வரம்பு உண்டு; அதைத் தாண்டினால் வேகம் குறைந்துவிடும். ஜியோஃபைபரில் அது 3,300 ஜிபி, ஏர்ஃபைபரில் 1,000 ஜிபி. ஒரு டிவிக்கு இரண்டுமே போதும். போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி டிவி பார்க்க நினைப்பவர்கள், நாளுக்கு 2 ஜிபி என்பது எச்டியில் ஒரு மணி நேரத்துக்குக்கூட வராது என்பதை நினைவில் வையுங்கள்.

எந்தக் கருவி

ஸ்மார்ட் டிவி வைத்திருந்தால், அதன் ஆப் ஸ்டோரில் உங்களுக்கு வேண்டிய ஆப்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் வேறொன்றும் வாங்க வேண்டாம். ஏழெட்டு வருடப் பழைய ஸ்மார்ட் டிவிகளில் ஆப் அப்டேட் நின்றுபோயிருக்கும். அதற்காக டிவியை மாற்றாதீர்கள், ஒரு ஸ்டிக்கை மாட்டினால் போதும்.

ஃபயர் டிவி ஸ்டிக், ஷாவ்மி டிவி ஸ்டிக் போன்றவற்றில் பெட்டியில் பார்க்க வேண்டியது ரேம், அதாவது ஆப்கள் ஓடும்போது பயன்படும் நினைவகம். சாதாரண எச்டி ஃபயர் ஸ்டிக்கில் 1 ஜிபி ரேம், 8 ஜிபி சேமிப்பு. யூடியூபும் ஒன்றிரண்டு ஆப்பும் போதும் என்பவர்களுக்கு அது சரி. ஐந்தாறு ஆப் மாற்றி மாற்றிப் பார்க்கிற வீட்டில் 2 ஜிபி ரேம் உள்ளதை வாங்குங்கள், டிவி 4கே இல்லாவிட்டாலும். வேகா என்ற புதிய இயங்குதளத்தோடு வரும் ஃபயர் ஸ்டிக்கில் வெளியிலிருந்து ஆப் ஏற்ற முடியாது. வேண்டிய ஆப் எல்லாம் அமேசான் ஸ்டோரிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

பெயர் தெரியாத மலிவு விலை 'ஆண்ட்ராய்டு பாக்ஸ்' வேண்டவே வேண்டாம். அவற்றில் பல, போனுக்கான ஆண்ட்ராய்டை டிவித் திரையில் காட்டுபவை. ரிமோட்டால் நகராது, மவுஸ் கேட்கும். முக்கியமாக, வைட்வைன் என்ற உரிமப் பாதுகாப்பு எல்1 என்ற உயர் நிலையில் இல்லாமல் எல்3 என்ற கீழ் நிலையில் இருப்பதால் எச்டிக்குக் காசு கட்டியும் 480பி மங்கல் படம்தான் வரும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவச ஆப்பை ஏற்றினால் எல்1-ஆ எல்3-ஆ என்று காட்டும். தரச்சான்று இல்லாத இத்தகைய பாக்ஸ்களில் தொழிற்சாலையிலேயே தீய மென்பொருள் ஏற்றி அனுப்பப்படுவதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2025-இல் எச்சரிக்கையே விட்டது. 'வருடத்துக்கு ஆயிரம் ரூபாய், உலகத்துச் சேனல் எல்லாம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்குகளும் இதே கதை: திருட்டு ஒளிபரப்பு, எந்த நாளும் நின்றுபோகும், கட்டிய பணம் திரும்ப வராது.

எச்டிஎம்ஐ இல்லாத பழைய டப்பா டிவிக்கும் வழி உண்டு. கடையில் 'எச்டிஎம்ஐ டு ஏவி' கன்வெர்ட்டர் என்று தெளிவாகக் கேளுங்கள். 'ஏவி டு எச்டிஎம்ஐ' என்பது பார்க்க அச்சாக அப்படியே இருக்கும், ஆனால் வேலை நேர்மாறு. மாற்றி வாங்கி வருபவர்கள் ஏராளம். கன்வெர்ட்டருக்கும் தனியாக 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். அதன் பக்கவாட்டில் உள்ள சுவிட்சை 'பால்' (PAL) பக்கம் தள்ளுங்கள். 'என்டிஎஸ்சி'யில் இருந்தால் சில டிவிகளில் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும். சில கட்டண ஆப்களில் குரல் மட்டும் வந்து படம் வராவிட்டால், அந்தக் கன்வெர்ட்டர் காப்புரிமைப் பூட்டோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். வேறொன்று மாற்றிப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது.

மாட்டும் முறை

ஸ்டிக்கை நேரே டிவியின் முதுகில் செருகாதீர்கள். பெட்டியில் ஒரு சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் இருந்தால் அதன் வழியாக மாட்டி, ஸ்டிக் டிவியின் ஓரத்தில் தொங்கும்படி விடுங்கள். டிவியின் பின்புற உலோகத் தகடு வைஃபை சிக்னலைத் தடுக்கும். அரை அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

மின்சாரத்துக்குக் கூட வந்த அடாப்டரைச் சுவரில் மாட்டுங்கள். டிவியின் யுஎஸ்பி போர்ட்டில் செருகினால் வயர் மறைவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பல டிவிகளில் அந்தப் போர்ட் 0.5 ஆம்பியர்தான் தரும், ஸ்டிக்குக்கு வேண்டியது 1 ஆம்பியர். மெனு வரை ஒழுங்காக ஓடும். படம் தொடங்கியதும் அணைந்து மறுபடி லோகோவிலிருந்து ஆரம்பிக்கும். இந்தக் கோளாறுக்கு ஸ்டிக்கையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

வைஃபை தேர்வில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரை எடுங்கள், ரவுட்டர் அதே அறையிலோ பக்கத்து அறையிலோ இருந்தால். அடுக்குமாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது சந்தைக் கூச்சல். சுற்றியுள்ள வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அங்கேதான். இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டி இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் எட்டாது, அப்போது 2.4-ஐ எடுத்து, ரவுட்டரில் 1, 6, 11 ஆகிய வைஃபை சேனல்களில் நெரிசல் குறைந்ததை வையுங்கள். ஐபிடிவி பாக்ஸுக்கு எப்போதும் லேன் வயரே மேல்.

கடைசியாக டிவி அமைப்பில், எச்டிஎம்ஐ வழியே ஒரு கருவி மற்றொன்றை இயக்க உதவும் சிஇசி வசதியை ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். அதன்பின் ஸ்டிக்கின் ரிமோட் ஒன்றே டிவியையும் ஆன் செய்துவிடும்.

தகராறு செய்யும்போது

எல்லா ஆப்பும் சுற்றினால் வைஃபை. ஒரே ஒரு ஆப் சுற்றினால் அந்த ஆப். இதை முதலில் பிரித்துப் பாருங்கள். வேகச் சோதனையைப் போனில் செய்யாமல் டிவியிலேயே, அதே இடத்தில் செய்ய வேண்டும். ஒரே ஆப் என்றால் அமைப்புகளில் ஆப் பட்டியலுக்குப் போய் அதன் கேஷை (தற்காலிகக் கோப்புகளை) அழியுங்கள். 'டேட்டா'வை அழித்தால் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். சேமிப்பு நிரம்பிய ஸ்டிக் நத்தை வேகத்தில் நகரும். பார்க்காத ஆப்களை நீக்குங்கள்.

போன் திரையை டிவிக்கு அனுப்பும்போது படம் மட்டும் கறுப்பாக வந்தால் அது பழுதல்ல. கட்டண ஆப்கள் அப்படித் தடுத்து வைத்திருக்கின்றன. 'அதிகக் கருவிகள்' என்று செய்தி வந்தால், போனில் கணக்குப் பக்கத்தில் பழைய கருவிகளை வெளியேற்றுங்கள்.

கிரிக்கெட்டில் பக்கத்து வீட்டுக் கூச்சல் முதலில் கேட்டுவிட்டு, நம் வீட்டில் அரை நிமிடம் கழித்து விக்கெட் விழுவது இயல்பு. படம் சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது, ஆப் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டே ஓட்டுகிறது. முழுதாகத் தவிர்க்க முடியாது. நடுவே நிறுத்தி ஓட்டியிருந்தால் தாமதம் இன்னும் கூடும். திரையின் கீழே 'லைவ்' என்பதை அழுத்தினால் முன்னே தாவும். போனில் ஸ்கோர் அறிவிப்புகளை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

மின்வெட்டு

இன்வெர்ட்டர் இருந்தும் டிவி மட்டும் ஓடி இணையம் போய்விடும் வீடுகள் பல, ரவுட்டர் மாட்டிய பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லாததால். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டையுமே அந்த லைனுக்கு மாற்ற வேண்டும். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கான மினி யுபிஎஸ் (சிறு பேட்டரிப் பெட்டி) வாங்கலாம். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: பெரும்பாலும் 12 வோல்ட், ஆனால் 9 வோல்ட் ரவுட்டர்களும் உண்டு. வோல்ட் சரியாக அதேயாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவு அல்லது அதற்கு மேல். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் ரவுட்டரே புகைந்துவிடக்கூடும்.