கல்யாணத்துக்கு ஐயர் பேசுவது எப்படி?

அக்கா கல்யாணம் ஆவணி மாதம், திங்கட்கிழமை, ஒன்பது – பத்தரை முகூர்த்தம். மண்டபத்தை ஏழு மாதத்துக்கு முன்பே பிடித்தாகிவிட்டது. சமையலுக்கு மூன்று பேரை விசாரித்து, அதில் ஒருவருடைய சாம்பாரை வேறொரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து ருசி பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தோம். ஐயர் விஷயம் மட்டும், "எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்" என்று சித்தப்பா சொன்ன ஒரே வரியில் முடிந்துபோனது.

அன்றைக்கு ஒன்பதே முக்கால் வரை அவரைக் காணோம். ஆறு – ஏழரை முகூர்த்தத்தில் ஊரின் இன்னொரு கோடியில் ஒரு கல்யாணத்தை நடத்திவிட்டு வந்துகொண்டிருந்தார். வந்து மணையில் உட்கார்ந்த பிறகும் இடுப்பில் செருகியிருந்த செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பத்து இருபதுக்குத் தாலி ஏறியது. அம்மி மிதித்ததும் அருந்ததி பார்த்ததும் சேர்த்து நான்கு நிமிடம்தான் இருக்கும். பொரி இடவே இல்லை. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாணம் வந்தபோது, "ஐயரை நான் பார்த்துக்கிறேன்" என்று நானே பொறுப்பெடுத்தேன். அப்போது தெரிந்துகொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: என்ன மாதிரிக் கல்யாணம் என்பதை முதலில் வீட்டில் பேசுங்கள்

யாருக்கும் போன் போடுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். ஐயர் "எந்த முறைங்க?" என்று கேட்டால் நாம் முழிக்கக் கூடாது.

ஓமம் வளர்த்து மந்திரம் சொல்லி நடப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம். இதிலேயே வித்தியாசம் உண்டு. பிராமண வீடுகளில் வாத்தியார் என்பார்கள். இரண்டு வீட்டுக்கும் தனித்தனி வாத்தியார் வருவது சகஜம். என்ன வேதம், என்ன சூத்திரம், என்ன கோத்திரம் என்பதெல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கொங்குப் பக்கம் வேளாளர் வீடுகளில் அருமைக்காரர்தான் சடங்குகளை முன்னின்று நடத்துவார். மங்கல வாழ்த்துப் பாட ஆள் தனி. தமிழ்முறைத் திருமணம் என்றால் ஓதுவாரையோ அதற்கென்று பயிற்சி பெற்றவரையோ தேட வேண்டும். வடமொழி மந்திரத்துக்குப் பதில் திருமுறைப் பாடல்கள் வரும்.

நடத்தி வைக்க ஆளே இல்லாமலும் செய்யலாம். சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சியில், 1967இல், இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லலாம். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம், அல்லது தாலி கட்டலாம். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஐயர் இல்லாத கல்யாணம் செல்லுமா என்று பெரியப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள். மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வேறு வேறு மதம், மாறப்போவதில்லை என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி போக வேண்டும். அதில் 30 நாள் நோட்டீஸ் உண்டு, நாள் குறிக்கும்போதே அதைக் கணக்கில் எடுங்கள்.

இனி எழுதப்போவது ஐயர் வைத்துச் செய்கிறவர்களுக்கு.

படி 2: முகூர்த்தம் குறித்த அன்றே தேட ஆரம்பியுங்கள்

ஆடி, மார்கழி போனால் மிச்சம் இருக்கும் மாதங்களில் நல்ல முகூர்த்த நாட்கள் கொஞ்சம்தான். ஊரே அந்த நாட்களில் கல்யாணம் வைக்கிறது. திங்கட்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழரை முதல் ஒன்பது ராகுகாலம், பத்தரை முதல் பன்னிரண்டு எமகண்டம். காலையில் மிஞ்சுவது ஆறு – ஏழரை, ஒன்பது – பத்தரை. நடுவில் ஒன்றரை மணி நேரம் இடைவெளி இருப்பதால் ஒரே ஐயர் இரண்டு கல்யாணம் ஒத்துக்கொள்வார். அது தப்பென்று சொல்ல மாட்டேன், அவருக்கும் வருமானம் இந்த நாட்களில்தான். ஆனால் இரண்டாவது கல்யாணம் நம்முடையதாக இருந்தால் முதல் வீட்டின் தாமதத்தை நாம் சுமக்க வேண்டும். முடிந்தால் முதல் முகூர்த்தமாகப் பாருங்கள், அல்லது அன்று வேறு வேலை ஒத்துக்கொள்ளாதவராகப் பாருங்கள்.

தேட நல்ல இடம், சமீபத்தில் நீங்கள் போய்வந்த கல்யாணம். மண்டபக்காரரிடமும் கேட்கலாம், ஆனால் அவர் கைகாட்டுகிறவரைத்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் கொஞ்சம் யோசியுங்கள். கோயிலில் கல்யாணம் என்றால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. கோயில் குருக்களே நடத்தி வைப்பார். வயதுச் சான்று, முதல் திருமணச் சான்று போன்ற எந்தெந்தக் காகிதங்கள் வேண்டும் என்று கோயில் அலுவலகத்தில் கேட்டு, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: நேரில் போய்க் கேளுங்கள்

போனில் "எவ்வளவு சாமி?" என்று ஆரம்பித்தால் ஒரு தொகைதான் பதிலாக வரும். நேரில் உட்கார்ந்து பேசினால்தான் ஆள் எப்படி என்று தெரியும். நான் எழுதிக்கொண்டு போன கேள்விகள்: அன்றைக்கு வேறு கல்யாணம் இருக்கிறதா? நீங்களே வருவீர்களா, மகனையோ சிஷ்யரையோ அனுப்புவீர்களா? எத்தனை மணிக்கு மண்டபத்தில் இருப்பீர்கள்? மந்திரத்துக்கு அங்கங்கே தமிழில் அர்த்தம் சொல்வீர்களா? சாமான் யார் வாங்குவது?

ஆனால் முடிவு செய்ய வைத்தது இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு கேள்வி. என் மனைவிக்கு அப்பா இல்லை. மாமியாரே நின்று தாரை வார்க்கலாமா என்று கேட்டேன். முதலில் பார்த்தவர் 10,000 ரூபாய் சொல்லியிருந்தார். கேள்வியைக் கேட்டதும் முகம் மாறி, "அது வழக்கமில்லீங்க, சித்தப்பா சித்தி யாராவது தம்பதியா உட்காரட்டும்" என்றார். இரண்டாமவர் 12,000. அவர் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, "பெத்தவதானே குடுக்கணும்? அம்மா நிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான், வெற்றிலை பாக்கு வைத்து 2,000 முன்பணம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். மறுமணமாக இருக்கலாம், இரண்டு சாதியாக இருக்கலாம், ஒரு வீட்டில் தெலுங்கு வழக்கப்படி சீரகம் வெல்லம் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். சங்கடமான அந்தக் கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். மணமேடையில் கேட்டால் பதில் சொல்வது ஐயராக இருக்காது, மைக்குக்குப் பக்கத்தில் நிற்கும் ஏதாவது ஒரு மாமாவாக இருக்கும்.

படி 4: பேசிய தொகையை இரண்டால் பெருக்குங்கள்

ஐயருக்கு 12,000 என்றதும் அப்பா டைரியில் 12,000 என்று எழுதிக் கோடு போட்டார். எங்கள் வீட்டில் கடைசியில் ஆன கணக்கு இது:

ஐயர் தட்சிணை – 12,000
உடன் வந்த உதவியாளர் – 2,000
நிச்சயதார்த்தத்துக்கு அதே ஐயர் – 2,500
பூஜை சாமான், ஓமச் சாமான் – 4,300
வேட்டி, துண்டு, தாம்பூலம் – 1,200
வண்டிச் செலவு – 800
தட்டில் போட்ட சில்லறை – 1,000
ஆக 23,800.

ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இது மாறும். சென்னையில் என் நண்பனுக்கு இதைவிட நிறையவே ஆனது. பார்க்க வேண்டியது, பேசிய தொகைக்கும் ஆன தொகைக்கும் உள்ள தூரத்தை. சாமானோடு சேர்த்து ஒரே தொகையாகச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது முதலில் அதிகமாகத் தெரியும், கூட்டிப் பார்த்தால் சில சமயம் அதுவே லாபம். கடைசி வரியில் இருக்கும் சில்லறையை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்: "தட்சிணை வைங்கோ" என்று நாலைந்து முறையாவது வரும். பத்து ரூபாய் நோட்டு ஒரு கட்டு மாற்றி வைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் ஐந்நூறு போகும். முகூர்த்தக்கால் ஊன்ற வருவாரா, அதற்குத் தனியாகவா என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்தச் செலவை எந்த வீடு ஏற்பது என்பதை இரண்டு சம்பந்திகளும் வாய்விட்டுப் பேசிக்கொள்வது நல்லது.

பேரம் பேசலாமா என்று கேட்பார்கள். கத்தரிக்காய் வாங்குவதுபோலப் பேசாதீர்கள். பணம் குறைய வேண்டுமென்றால் சடங்கைக் குறைத்துக் கேளுங்கள். நிச்சயதார்த்தத்தை வீட்டுப் பெரியவர்களே தட்டு மாற்றி நடத்திக்கொண்டால் ஒரு நடைச் செலவு மிச்சம்.

படி 5: சாமான் லிஸ்டை வரி வரியாகப் படியுங்கள்

ஐயர் கொடுக்கும் சீட்டு ஒரு தனி மொழி. சமித்து, தர்ப்பை, நவதானியம், விரலி மஞ்சள், நூல்கண்டு, மாவிலைக் கொத்து என்று போகும். பாதிக்கு மேல் நாட்டு மருந்துக் கடையில் ஒரே இடத்தில் கிடைக்கும். நான் சீட்டை மாமாவிடம் கொடுத்தனுப்பினேன். "பொரி – 1 படி" என்று இருந்ததைப் பார்த்து அவர் கடலைக் கடையில் அரிசிப் பொரி வாங்கி வந்துவிட்டார். ஓமத்தில் இடுவது நெல்லுப் பொரி. அக்கா கல்யாணத்தில் விட்டுப்போன அதே பொரி! முந்தின நாள் இரவு எட்டரைக்கு, கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்த நேரத்தில் போய் வாங்கினேன்.

ஏசி மண்டபமாக இருந்தால் ஓமம் வளர்க்க விடுவார்களா, புகைக்கு என்ன ஏற்பாடு என்று மண்டபத்தில் கேளுங்கள். செங்கலும் மணலும் அவர்களே தருவார்களா என்பதையும்.

படி 6: காகித வேலை

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். கல்யாணமான 90 நாளுக்குள் செய்துவிடுங்கள். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. ஐயருடைய முழுப்பெயரும் முகவரியும் வாங்கி வையுங்கள், நடத்தி வைத்தவர் யார் என்று கேட்டால் சொல்ல உதவும். தாலி கட்டும் படமும் பத்திரிகையும் ஒரு கவரில் இருக்கட்டும்.

அன்றைக்கு

முந்தின நாள் மாலை ஒரு போன், அதிகாலையில் ஒரு போன். மண்டபம் வந்ததும் அவரைக் கவனிக்க ஒரே ஒரு ஆளை நியமியுங்கள், எங்களுக்கு அது தம்பி. மிச்சத் தொகையை முந்தின இரவே எண்ணிக் கவரில் போட்டு அவனிடம் கொடுத்துவிட்டேன். மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பணம் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. கலசத் தேங்காய், மணையில் பரப்பிய அரிசி இதையெல்லாம் ஐயர் எடுத்துப்போவது வழக்கம், அதற்கு ஒரு பையும் வேண்டும். பந்தியில் சாப்பிடுவாரா என்பதைக் கேட்டு வையுங்கள். எங்கள் ஐயர் வெளியில் சாப்பிடுவதில்லை. தம்பி அவருக்கு இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் கொண்டுபோய்க் கொடுத்தான். குடித்துவிட்டு, பொரி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாராம்.