வாஞ்சூரில் எல்லை மாறும், பேச்சு மாறாது: மாநிலங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகூரில் பஸ் ஏறிக் காரைக்கால் போகிறவர்களுக்கு வாஞ்சூர் சோதனைச் சாவடி பழகிய இடம். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம். வயலும் பேச்சும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களும் இரண்டு பக்கமும் உண்டு. காரைக்காலைக் கடந்து வடக்கே போனால், நண்டலாற்றைத் தாண்டியதும் மறுபடி தமிழ்நாடு.

மொழி எல்லைதான் மாநில எல்லை என்று நினைப்பது முதல் தவறு. 1956 நவம்பர் 1 அன்று நடந்த மாநில மறுசீரமைப்பில் மொழி பெரிய அளவுகோலாக இருந்தது, உண்மைதான். ஆனால் காரைக்கால் அந்தக் கணக்கில் வரவில்லை. பிரெஞ்சு ஆட்சி அங்கே 1954இல் கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962இல்தான் முடிந்தது. அந்த வரலாறுதான் காரைக்காலைப் புதுச்சேரியோடும், கேரளத்துக்கு நடுவே இருக்கும் மாஹேயோடும், ஆந்திரத்துக்கு நடுவே இருக்கும் ஏனாமோடும் சேர்த்து வைத்திருக்கிறது. காரைக்கால்காரரிடம் "நீங்களும் தமிழ்நாடுதானே" என்று சொல்லாதீர்கள். அவர் தமிழர், தமிழ்நாட்டுக்காரர் அல்லர்.

இதைவிடப் பெரிய தவறு, காவிரிப் பிரச்சினையை இரண்டு மாநிலச் சண்டையாக மட்டும் பார்ப்பது. காவிரி நடுவர் மன்றம் 2007இல், மொத்தம் 740 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) என்று கணக்கிட்டு, அதில் 726ஐ நான்கு பேருக்குப் பங்கிட்டது. கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. உச்ச நீதிமன்றம் 2018இல் தமிழ்நாட்டின் பங்கை 419இலிருந்து 404.25 ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கை 270இலிருந்து 284.75 ஆக உயர்த்தியது. கேரளம், புதுச்சேரி பங்குகளைத் தொடவில்லை. காவிரியின் துணையாறான கபினி பிறப்பது கேரளத்தின் வயநாட்டில். அப்புறம், புதுச்சேரிக்கான அந்த 7 டிஎம்சி காரைக்காலுக்கு எப்படி வருகிறது? அரசலாறு, திருமலைராஜனாறு போன்ற ஆறுகள் வழியாக, நம் வயல்களைக் கடந்து. கர்நாடகத்திலிருந்து வரும் தண்ணீரை அளக்கும் எல்லை இடமான பிலிகுண்டுலுவில் நாம் கீழே இருக்கிறோம். காரைக்காலுக்கோ நாம்தான் மேலே இருக்கிறோம். மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று நாகப்பட்டினம் பக்கத்தில் எழும் அதே குரல் காரைக்காலிலும் எழுகிறது. அங்கே அது நம்மைப் பார்த்து எழுகிறது. மேல்மடைக்காரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்கும் நாம், நம் கீழ்மடைக்கு எப்படி நடந்துகொள்கிறோம் என்றும் பார்க்க வேண்டும். டெல்டாவில் பிறந்தவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இன்றைய வரைபடத்தை அப்படியே பழைய காலத்தின் மேல் ஒட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. 1924 ஒப்பந்தம் "தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும்" இடையில் போடப்பட்டது என்று எழுதுகிறார்கள். கையெழுத்திட்டவை சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும். தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது 1969இல், கர்நாடகம் என்ற பெயர் வந்தது 1973இல். தலைக்காவிரி இருக்கும் குடகு 1956 வரை தனி மாநிலமாகவே இருந்தது. குடகர்களுக்குச் சொந்த மொழி உண்டு. அவர்களைக் கன்னடர் என்று ஒரே வார்த்தையில் அடக்குவது, காரைக்காலைத் தமிழ்நாடு என்பது போலத்தான்.

மாநில எல்லை என்றைக்கும் மாறாதது என்று நினைப்பதும் தப்பு. அரசமைப்பின் 3ஆவது பிரிவின்படி நாடாளுமன்றமே எல்லையையும் பெயரையும் மாற்றலாம். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், அதன் சம்மதம் கட்டாயமில்லை. மாவட்டம் இன்னும் எளிதாக மாறும். நாகை, திருவாரூர், மயிலாடுதுறை என்று பழைய தஞ்சை மாவட்டம் பிரிந்துகொண்டே வந்தாலும், பெரியவர்கள் வாயில் இன்னமும் "கீழத்தஞ்சை"தான்.

ஒரு மாநிலத்துக்கு ஒரே அடையாளம் என்று எண்ணுகிறவர்கள் கும்பகோணத்தில் ஒரு நாள் சுற்றினால் போதும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. தஞ்சாவூரில் மராத்தி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். திருவையாற்றில் காவிரிக்கரையில் தியாகராஜர் பாடியது தெலுங்கில். இவர்களில் யாரும் டெல்டாவுக்கு வெளியாள் அல்லர்.

கடைசியாகச் சொல்லும் தவறுதான் உயிரோடு விளையாடுவது: அரசுகளின் வழக்கை மக்களின் பகையாக மாற்றுவது. 1991இல் இடைக்காலத் தீர்ப்புக்குப் பிறகு கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அங்கே பல காலமாக வாழ்ந்து, உழைத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள். அணையைத் திறப்பதிலும் மூடுவதிலும் அவர்களுக்கு எந்தக் கையும் இல்லை. பதிலுக்கு இங்கே கர்நாடகப் பதிவெண் வண்டியை மறிப்பதும் அதே தவறுதான். மண்டியா விவசாயியும் மன்னார்குடி விவசாயியும் ஆளுக்கொரு வானத்தைப் பார்ப்பதில்லை. "கர்நாடகம் தண்ணீர் தரவில்லை" என்று எழுதும் இடத்தில் "கர்நாடக அரசு" என்று எழுதுங்கள். ஒரு சொல்தான் கூடுகிறது, ஆனால் கோபம் போய்ச் சேரும் இடம் மாறிவிடும்.

ஐப்பசி பிறக்கும்போது தலைக்காவிரியில் துலா சங்கிரமணம். குடகு மக்கள் ஊற்றுப் பொங்குவதைப் பார்க்கத் திரண்டு, அந்தத் தண்ணீரை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அதே மாதம் முழுவதும் மயிலாடுதுறை துலாக் கட்டத்தில் நம் ஆட்கள் முழுகுகிறார்கள். மாதக் கடைசியில் கடைமுழுக்கு. வர முடியாமல் போனவர்களுக்காகக் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு.