ஏஐ ஏஜென்ட்டுக்கான லாக் கருவி: விவரக்குறிப்பு எழுதும் முறை

கன்டெய்னர்களை (நிரலைத் தனியாகப் பொதிந்து ஓட்டும் பெட்டிகளை) நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் ஓடும் சர்வீஸ்களின் டீபக் லாக்கை, அதாவது பிழை தேட உதவும் பதிவுகளை, எடுத்துத் தரும் கருவி ஒன்றை ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நடப்பது, குபர்நெட்டீஸில் லாக் பார்க்கும் கியூப்சிடிஎல் லாக்ஸ் (kubectl logs) கட்டளை செய்யும் அதே வேலைதான். ஆனால் அந்தக் கருவியைப் பற்றி ஏஜென்ட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அதன் பெயர், நீங்கள் எழுதிய விவரக்குறிப்பு, உள்ளீட்டு ஸ்கீமா (எந்தெந்த உள்ளீடு, எந்த வடிவில் என்ற பட்டியல்), இவ்வளவுதான். ஏஜென்ட்டோடு கருவிகளை இணைக்கும் பொது நெறிமுறையான எம்சிபி (MCP) வழியாகக் கொடுத்தாலும் முக்கியமாகப் போய்ச் சேருவது இதே மூன்றுதான். புதிதாகச் சேர்ந்த டெவலப்பருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் தானே ஊகித்துக்கொண்டு மேலே போய்விடும்.

ஆகவே கருவி என்ன தரும் என்பதைவிட, எதைத் தராது என்பதை முதலில் எழுதுங்கள். வெறும் விடை வந்ததும் "லாக்கில் பிழை எதுவும் இல்லை" என்று ஏஜென்ட் அறிக்கை கொடுத்துவிடுவதுதான் இந்த வகைக் கருவியில் நேரும் மிக மோசமான தவறு. அப்படி நடக்கும் இடங்கள் தெரிந்தவையே.

பாட்டில் (ஒன்றோ பலவோ கன்டெய்னர்கள் சேர்ந்து ஓடும் அலகில்) ஒரு கன்டெய்னர் கிராஷ் ஆகி மறுபடி எழுந்தால், இயல்பாகக் கிடைப்பது புதிய கன்டெய்னரின் லாக். "8080 போர்ட்டில் சர்வர் தொடங்கியது" என்பது போல நாலு வரி இருக்கும், பார்க்க எல்லாம் நலம். விழுந்த காரணம் முந்தைய கன்டெய்னரின் லாக்கில் இருக்கிறது. ப்ரீவியஸ் (--previous) என்ற தேர்வைக் கொடுத்தால்தான் வரும். அதுவும் கடைசியாக விழுந்த ஒன்றுக்கு மட்டும். பாட்டையே நீக்கிவிட்டாலும், புது பதிப்பை இறக்கும் ரோல்அவுட்டில் பழைய பாட் போய்விட்டாலும், இரண்டுமே கிடைக்காது. நினைவகம் மீறி ஓஓஎம் கில் ஆன கன்டெய்னரில் முந்தைய லாக்கைப் பார்த்தாலும் பிழை வரி இருக்காமல் போகலாம். கெர்னல் நேராகக் கொன்றுவிடுவதால் நிரலுக்கு எதையும் எழுத நேரமில்லை. அங்கே பார்க்க வேண்டியது கன்டெய்னர் முடிந்தபோது விட்டுச்சென்ற எண், எக்ஸிட் கோடு 137.

இன்னும் இரண்டு. ஒவ்வொரு கணினியிலும் கன்டெய்னர்களைக் கவனிக்கும் குபெலெட், இயல்பாக 10 மெபிபைட் ஆனதும் லாக் கோப்பை மாற்றிவிடும். அதிகம் பேசும் சர்வீஸில் டீபக் லெவலைத் திறந்தால் அது சீக்கிரமே நிரம்பும். கியூப்சிடிஎல் லாக்ஸ் தருவதோ கடைசிக் கோப்பை மட்டும். அதேபோல் பாட்களை அவற்றின் அடையாளச் சீட்டை வைத்துத் தேர்ந்தெடுக்கும் லேபிள் செலக்டர் கொடுத்து எடுத்தால் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் இயல்பு 10 வரிதான். பாட் பெயரைக் கொடுத்தால் அந்தக் கோப்பு முழுதும் வரும். இந்த வேறுபாட்டைக் கருவிக்குள்ளேயே சரிசெய்துவிட்டு, இயல்பு 200 வரி, உச்சம் 1000 என்பது போல ஒரே விதியாக எழுதிவிடுங்கள்.

இவ்வளவையும் விவரக்குறிப்பில் இப்படிச் சுருக்கலாம்:

"ஒரு பாட்டில் உள்ள ஒரு கன்டெய்னரின் லாக்கைத் தரும், எதையும் மாற்றாது. ரீஸ்டார்ட் எண்ணிக்கை 0-க்கு மேல் இருந்தால் முதலில் முந்தைய கன்டெய்னரின் லாக்கை எடுக்கவும். நேரங்கள் எல்லாம் யுடிசி. வரி எதுவும் வராவிட்டால் பிழை இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம்; நிலை என்ற புலத்தைப் பார்க்கவும். நீக்கப்பட்ட பாட்டின் லாக் இங்கே கிடைக்காது. அதற்கு லாக் சேமிப்பகத் தேடல் கருவியை அழைக்கவும்."

நிலை என்ற அந்தப் புலத்துக்கு மூன்று மதிப்புகள் போதும்: வரிகள் உள்ளன, வடிகட்டலுக்கு எதுவும் பொருந்தவில்லை, லாக்கே கிடைக்கவில்லை. கடைசி இரண்டையும் ஒரே காலிப் பட்டியலாகத் திருப்பி அனுப்பினால், விவரக்குறிப்பை எவ்வளவு நன்றாக எழுதினாலும் பயனில்லை.

பாராமீட்டர்களில் (கருவிக்குக் கொடுக்கும் உள்ளீடுகளில்) அதிகம் தடுக்கி விழவைப்பது நேரம். யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. "பகல் 2:30-க்குப் பேமெண்ட் நின்றுவிட்டது" என்று சென்னையில் இருப்பவர் சொல்கிறார். ஏஜென்ட் அதையே 14:30 யுடிசி என்று கொடுத்தால், இந்திய நேரம் இரவு 8 மணி லாக்கைத் தேடும்; அது இன்னும் எழுதப்படவே இல்லை. பாராமீட்டரின் பெயரிலேயே யுடிசி என்று சேருங்கள். "இந்திய நேரம் 14:30 என்றால் 09:00 எனக் கொடுக்கவும்" என்று ஓர் எடுத்துக்காட்டும் வையுங்கள். எதிர்கால நேரம் வந்தால் காலி விடை தராமல், இப்போதைய யுடிசி நேரத்தைச் சொல்லிப் பிழையாகத் திருப்புங்கள். லெவல் போன்றவற்றுக்கு எதை வேண்டுமானாலும் எழுதக்கூடிய வெறும் சரம் வேண்டாம், அனுமதித்த மதிப்புகள் மட்டும் கொண்ட பட்டியல் (enum) கொடுங்கள்.

எர்ரர் என்ற சொல்லை வைத்து வடிகட்டினால், பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸின் முதல் வரி மட்டும் சிக்கக்கூடும். ஜாவாவில் மூல காரணம் பெரும்பாலும் கீழே உள்ள "காஸ்ட் பை" (Caused by) வரியில் இருக்கும், பைத்தானில் டிரேஸ்பேக்கின் கடைசி வரியில். பொருந்திய வரிக்குப் பின் எத்தனை வரி சேர்த்துத் தருவது என்பதற்கு ஒரு பாராமீட்டர் வைத்து, அதன் இயல்பை 40 அளவில் வையுங்கள். லாக்கை வெட்டித் தரும்போது எந்த முனையை வெட்டினீர்கள், அடுத்த பகுதியைக் கேட்க எந்தக் கர்சரை (தொடரும் இடத்தின் குறியை) கொடுக்க வேண்டும் என்பதை விடையிலேயே சொல்ல வேண்டும்.

லாக்கில் பயனர் தட்டச்சு செய்த வாசகம் அப்படியே வந்து கிடக்கும். "முந்தைய கட்டளைகளை மற" என்று ஒருவர் தேடல் பெட்டியில் எழுதியிருந்தால் அதுவும் ஏஜென்ட்டின் கண்ணில் படும். லாக் வரிகள் தரவு மட்டுமே, கட்டளை அல்ல என்று எழுதுவது அவசியம், ஆனால் அது மட்டும் காப்பாற்றாது. கருவி குபர்நெட்டீஸில் நுழையும் கணக்கான சர்வீஸ் அக்கவுண்ட்டுக்கு பாட்ஸ் மீது கெட், லிஸ்ட், பாட்ஸ்/லாக் மீது கெட் என்ற படிக்கும் அனுமதிகள் போதும், அதற்கு மேல் எதுவும் தராதீர்கள். டோக்கன், தொலைபேசி எண் போன்றவற்றைக் கருவியே மறைத்துவிட்டு அனுப்ப வேண்டும். ஏஜென்ட்டிடம் "வெளியே சொல்லாதே" என்று கேட்டுக்கொள்வது பாதுகாப்பு ஆகாது.

எழுதி முடித்ததும், விடை ஏற்கனவே தெரிந்த பத்துப் பழைய கோளாறுகளை ஏஜென்ட்டிடம் கொடுத்து, அது கருவியை எப்படி அழைத்தது என்று ஒவ்வொரு அழைப்பாகப் படியுங்கள். இறுதி விடை சரியாக வந்திருந்தாலும் அழைப்புகளைப் பாருங்கள். ஒரே பாராமீட்டரை இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தால் அந்தப் பாராமீட்டரின் வரிதான் தெளிவில்லை. விவரக்குறிப்பை விக்கியில் வைக்காமல் நிரலோடு ஒரே கோப்பில் வையுங்கள். இயல்பு வரி எண்ணிக்கையை 200-இலிருந்து மாற்றும் கமிட்டில் (நிரல் மாற்றப் பதிவில்), அந்த எண் வரும் வாக்கியமும் மாறியிருக்கிறதா என்று ரிவ்யூ செய்பவர் பார்க்க அதுவே வழி.