பழைய ஃபிஷ் ஃபைண்டரை ரீசார்ஜ் பேட்டரிக்கு மாற்றுவது எப்படி?

தண்ணீருக்கடியில் மீன் இருக்கும் இடத்தை ஒலியலையால் கண்டு திரையில் காட்டும் கருவிதான் ஃபிஷ் ஃபைண்டர். படகில் எடுத்துச் செல்லும் பழைய ஃபிஷ் ஃபைண்டர்களைத் திறந்து பார்த்தால், எட்டு ஏஏ பேட்டரிகளோ, தொடராக இணைத்த இரண்டு 6 வோல்ட் லாந்தர் பேட்டரிகளோ இருக்கும். கருவி வருஷக்கணக்கில் உழைக்கிறது. பேட்டரிதான் ஒவ்வொரு முறையும் காலை வாரிவிடுகிறது. எட்டு செல்லும் புதிதாக இருக்கும்போது 12 வோல்ட்டுக்குச் சற்று மேலே கொடுக்கும். ஒவ்வொன்றும் 1.25 வோல்ட்டுக்கு இறங்கியதும் மொத்தம் 10 ஆகிவிடும், பல கருவிகள் அங்கேயே அணைந்துவிடும். செல்லில் கணிசமான சார்ஜ் மிச்சமிருக்கும்போதே குப்பைக்குப் போகிறது. அதனால் இந்த மாற்றத்தைச் செய்தே ஆக வேண்டும் என்பேன். வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் மல்டிமீட்டரும் கொஞ்சம் நிதானமும் இருந்தால், எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவரும் ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.

முதலில் லேபிள், பிறகு பேட்டரி

பேட்டரி வாங்க ஓடாதீர்கள். கருவியின் பின்புறத்திலோ மேனுவலிலோ மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை தாங்கும், எத்தனை ஆம்பியர் இழுக்கும், என்ன ஃப்யூஸ் போடச் சொல்கிறார்கள். 12 வோல்ட் கருவிகளில் பெரும்பாலும் 10 முதல் 17 அல்லது 20 வோல்ட் வரை என்று இருக்கும். உங்கள் கருவியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இதைப் பார்த்துத்தான்.

எந்த பேட்டரி?

பலருக்கும் முதலில் தோன்றுவது, அதே எட்டு இடத்தில் ரீசார்ஜ் ஏஏ செல்களைப் போட்டுவிடலாம் என்பது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்று 1.2 வோல்ட். எட்டுக்கு 9.6 வோல்ட். சார்ஜ் செய்த கையோடு கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் கருவி 'லோ பேட்டரி' என்று கத்த ஆரம்பித்துவிடும். பத்து செல் போட்டால் சரியாக வரும், ஆனால் அதற்குத் தனி ஹோல்டர் வேண்டும்.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். ஏஏ அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல்கள் கிடைக்கின்றன. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவற்றை எட்டு இடத்திலும் நிரப்பினால், முழு சார்ஜில் 33 வோல்ட்டுக்கு மேல் கருவிக்குள் பாயும். கருவி போச்சு. செல்லின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் எதையும் உள்ளே போடாதீர்கள்.

ஈயஅமில பேட்டரி, அதாவது யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவு) வகை, எளிதாகக் கிடைக்கும், நன்றாகவும் வேலை செய்யும். ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுளும் சீக்கிரம் குறையும்.

மூன்று லித்தியம் அயன் செல்களைத் தொடராகக் கோத்த பேக் எடை குறைவு. முழு சார்ஜில் 12.6 வோல்ட், தீரும்போது 9 வோல்ட். உங்கள் கருவி 10 வோல்ட்டில் நின்றுவிடும் என்றால் கடைசிப் பங்கு பயன்படாது. நான்கு செல் பேக் 16.8 வோல்ட் வரை ஏறும். லேபிளில் உள்ள மேல் எல்லையைப் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

புதிதாகச் செய்பவருக்கு நான் சொல்வது லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட். நான்கு செல் சேர்ந்து 12.8 வோல்ட். சார்ஜின் பெரும்பகுதி நேரமும் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், அதனால் திரை கடைசிவரை ஒரே வெளிச்சத்தில் இருக்கும். எடை ஈயஅமிலத்தில் பாதிகூட வராது. 7 ஏஹெச் பேட்டரிகள் பலவும் பழைய ஈயஅமில அளவிலேயே, கிட்டத்தட்ட 151 மி.மீ நீளம், 65 மி.மீ அகலத்தில் வருவதால் பெட்டிக்குள் எளிதாக உட்காரும். பிஎம்எஸ் என்கிற பாதுகாப்புச் சுற்று உள்ளேயே இருக்கும் பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள். தனிச் செல்களை வாங்கி நீங்களே சால்டர் செய்வது ஆரம்பத்தில் வேண்டாம். சால்டரிங் சூடு செல்லைக் கெடுத்துவிடும். அதற்கு ஸ்பாட் வெல்டிங் வேண்டும்.

எத்தனை ஏஹெச் போதும்?

கருவி 0.5 ஆம்பியர் இழுக்கிறது, பத்து மணி நேரம் ஓட வேண்டும் என்றால் 5 ஏஹெச். அதோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், 6 அல்லது 7 ஏஹெச் வரும். திரை வெளிச்சத்தை முழுதாக வைத்தால் இழுப்பு கூடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

வாங்க வேண்டியவை

பேட்டரி, அந்த வகைக்கே உரிய சார்ஜர், ஃப்யூஸ் ஹோல்டர், மேனுவலில் சொன்ன ஃப்யூஸ் (பெரும்பாலும் 3 ஆம்பியர் அல்லது அதற்குக் கீழ்), சிவப்பு கருப்பு ஒயர், ஒரு ஜோடி கனெக்டர், பேட்டரி முனைக்கான கிரிம்ப் கிளிப் (ஒயரை உள்ளே விட்டு நசுக்கிப் பிடிக்க வைப்பது), ஷிரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் குழாய்). ஒயர் 0.75 சதுர மி.மீ, பல இழை உள்ளதாக இருக்கட்டும். ஒற்றைக் கம்பி ஒயர் படகின் குலுக்கலில் ஒடிந்துவிடும். பேட்டரியின் தட்டை முனை 4.8 மி.மீ அகலமா 6.35 மி.மீ அகலமா என்று அளந்துவிட்டு கிளிப் வாங்குங்கள். அளவு மாறினால் ஒன்று நுழையாது, இல்லை லொடலொடவென்று ஆடும்.

இணைப்பு வேலை

பேட்டரியைக் கடைசியில்தான் தொட வேண்டும். முதலில் ஒயர் வேலை எல்லாம் முடியட்டும்.

கருவியின் பவர் ஒயரை வெட்டுவதற்கு முன், பழைய பேட்டரி தட்டில் கழற்றி மாட்டும் கனெக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதே மாதிரி ஒன்றைப் புதிய பேட்டரிப் பக்கம் போட்டால் போதும், எதையும் வெட்ட வேண்டியதில்லை. அவசரத்துக்குப் பழைய தட்டையும் திரும்ப மாட்டலாம். சில கருவிகளின் கேபிளில் சிவப்பு கருப்பு தவிர மெல்லிய வேறு ஒயர்களும் இருக்கும். அவை தகவல் பரிமாற்றத்துக்கு. அவற்றைத் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள்.

சிவப்பு ஒயரில் ஃப்யூஸ் ஹோல்டரைச் சேருங்கள், பேட்டரியின் ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். கருவிக்குள்ளேயே பாதுகாப்பு இருக்குமே, இது எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். இந்த ஃப்யூஸ் ஒயருக்காக. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் பல பத்து ஆம்பியர் பாயும். மெல்லிய ஒயர் அடுப்புக் கம்பிபோலச் சிவந்துவிடும். ஃப்யூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது, அதனால்தான் அது குட்டையாக இருக்க வேண்டும்.

கனெக்டரில் உலோகம் வெளியே தெரியாத பாதி பேட்டரிப் பக்கம் வர வேண்டும். மின்சாரம் எப்போதும் இருப்பது அங்கேதான். கிரிம்ப் செய்ததும் கிளிப்பைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும்.

இனி பேட்டரியை மாட்டுங்கள், கருவியை மாட்டாதீர்கள். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைக் கனெக்டரின் ப்ளஸ் இடத்திலும் கருப்பை மைனஸிலும் வையுங்கள். லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் என்றால் 13 சொச்சம் வர வேண்டும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் ஒயர் மாறியிருக்கிறது. திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலை. கருவியின் கனெக்டரில் ப்ளஸ் எந்தப் பக்கம் என்பதையும் அதன் ஒயரைத் தடவிக்கொண்டே போய் உறுதி செய்யுங்கள். கருவிகளைக் கொல்வதில் தலைகீழ் இணைப்புக்குத்தான் முதலிடம்.

இழுப்பை அளக்க ஆசைப்பட்டால், மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பாசிட்டிவ் ஒயரின் நடுவே தொடராக வைத்து அளக்கலாம். அளந்து முடித்ததும் அந்த ஒயரை மறக்காமல் பழைய துளைக்கே கொண்டுவாருங்கள். அப்படியே விட்டுவிட்டு அடுத்த முறை வோல்ட் பார்க்கப் போனால், மீட்டர் வழியாகவே பேட்டரி ஷார்ட் ஆகும்.

பெட்டிக்குள் வைப்பது

பேட்டரி ஆடாதபடி சுற்றிலும் ஃபோம் திணியுங்கள். ஒயர் வெளியே வரும் துளைக்கு கேபிள் கிளாண்ட் போட்டால் தண்ணீர் புகாது. ஈயஅமில பேட்டரி என்றால் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிடாதீர்கள், அது வாயு விடக்கூடும்.

டிரான்ஸ்டியூசரை, அதாவது தண்ணீருக்குள் ஒலியலை அனுப்பும் பகுதியை, ஒரு வாளித் தண்ணீரில் வைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வாளியின் ஆழத்தில் சரியான அளவு வராது, கவலை வேண்டாம். பார்க்க வேண்டியது கருவி அணையாமல் ஓடுகிறதா, கனெக்டரும் ஃப்யூஸ் ஹோல்டரும் சூடாகிறதா என்பதுதான். தொட்டால் சூடு தெரிந்தால் கிரிம்ப் சரியில்லை என்று அர்த்தம்.

தண்ணீரில் இறங்கியபின் திரை முழுக்கப் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால், முதல் சந்தேகம் பவர் பக்கம்தான். பவர் பேங்க்கிலிருந்து வோல்ட்டேஜை ஏற்றித் தரும் சின்ன கன்வெர்ட்டர்கள் இப்படி மின் இரைச்சலைக் கிளப்புவதுண்டு. படகை மெல்ல ஓட்டும் டிரோலிங் மோட்டாரோடு ஒரே பேட்டரியைப் பகிர்ந்தாலும் இதே தொல்லை. ஃபிஷ் ஃபைண்டருக்கென்று தனி பேட்டரி, நேரடி இணைப்பு, இதற்கு ஈடு எதுவும் இல்லை.

சார்ஜிங்

லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்டுக்கு 14.6 வோல்ட் சார்ஜர், மூன்று செல் லித்தியம் அயனுக்கு 12.6 வோல்ட் சார்ஜர். ஒன்றுக்கு ஒன்றை மாற்றிப் போடக் கூடாது. கருவியைக் கழற்றிவிட்டு, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், ஆள் இருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது. அறைக்குள் கொண்டுவந்து குளிர் விட்ட பிறகு போடுங்கள். உப்பியிருந்தால் அதற்கு மேல் பயன்படுத்தாதீர்கள். பல மாதம் சும்மா வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில், கனெக்டரைக் கழற்றி வையுங்கள். ஈயஅமிலம் மட்டும் இதற்கு நேர் எதிர், முழு சார்ஜில்தான் வைக்க வேண்டும்.

ஒரு செட்டிங் பாக்கி. கருவியில் இருக்கும் பேட்டரி அலாரம் பழைய செல்களுக்காக வைத்தது. லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்டில் வோல்ட்டேஜ் நெடுநேரம் அசையாமல் நின்றுவிட்டு, கடைசியில் மளமளவென்று விழும். திரையில் 13 காட்டுகிறதே என்று நம்பியிருந்தால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். மெனுவில் அந்த அலாரத்தை 12.8 வோல்ட்டுக்கு ஏற்றி வையுங்கள். அது ஒலித்த பிறகும் கரை திரும்பும் அளவுக்குச் சார்ஜ் கையில் இருக்கும்.