எல்லாம் ஒரே ‘போலி’ இல்லை: பழங்காசுப் பட்டியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐயத்துக்கு இடமான காசு எது கைக்கு வந்தாலும் ‘போலி’ என்று ஒற்றைச் சொல்லை எழுதி மூடிவிடுகிறோம். பட்டியல் எழுதுவோர் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் பெரியதாகச் சொல்வேன்.

கி.மு. 375/4இலேயே ஏதென்ஸ் நகரம் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தது. காசுச் சோதனைக்காக நிகோஃபோன் என்பவர் அந்த ஆண்டு கொண்டுவந்த சட்டத்தின் கல்வெட்டு 1970இல் அகோரா என்ற பழைய சந்தைவெளி அகழாய்வில் கிடைத்தது. வெள்ளிக் காசுகளைச் சோதிக்கச் சந்தையில் அரசு அடிமை ஒருவன் உட்கார்ந்திருப்பான். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு வருகிற ‘வண்ணக்கன்’ பார்த்த வேலைதான் அது. உள்ளே வெண்கலமோ ஈயமோ வைத்து மேலே வெள்ளி போர்த்திய காசு வந்தால், அவன் அதை அங்கேயே வெட்ட வேண்டும். பிறகு அது ‘தெய்வங்களின் தாய்’ என்ற பெண் தெய்வத்துக்கு உரியது. ஏதென்ஸ் முத்திரையோடு வேற்றூரில் அடித்த காசு நல்ல வெள்ளியாக இருந்தாலோ, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முன்னது கள்ளக்காசு, பின்னது சாயல் காசு. இரண்டையும் ஒரே பெட்டியில் போடுவது வரலாற்றை அழிப்பதற்குச் சமம்.

நம் பக்கத்துக்கு வாருங்கள். ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் பெயர் தாங்கிய தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசுகளைப் பார்த்து இந்தியாவிலேயே செய்த சாயல் காசுகள் உண்டு. ரோமச் சிறு செப்புக்காசுகளைப் பார்த்து இலங்கையிலும் செய்தார்கள். லத்தீன் தெரியாத கை செதுக்கியதால் எழுத்துகள் வெறும் கோடுகளாகக் கலைந்திருக்கும். அவை யாரையும் ஏமாற்றச் செய்தவை என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. இத்தகைய காசுக்கு மூலக்காசுக்கு நாணய நூல்களில் உள்ள பட்டியல் எண்ணை அப்படியே கொடுப்பது அடுத்த தவறு; ‘இன்ன எண்ணின் சாயல்’ என்று எழுதுங்கள். காலத்தையும் அப்படியே ஒட்டக் கூடாது. மூலம் அச்சான ஆண்டுக்குப் பிறகு என்பது மட்டுமே உறுதி; எவ்வளவு பிறகு என்பதைக் கண்டெடுத்த இடமும் உடன் கிடைத்த காசுகளும்தான் சொல்லும்.

வெட்டுத் தழும்பைக் கண்டதும் ‘கள்ளக்காசு’ என்பவர்களும் உண்டு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியின் கறுக்காக்குறிச்சியில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னரின் முகத்தின்மேல் உளிவெட்டு இருக்கிறது. காசுகளோ அசல் தங்கம். ஏதென்ஸில் வெட்டு கள்ளத்துக்குத் தண்டனை. இங்கே அதற்கு வேறு பொருள். வெட்டு இருந்தால் ‘வெட்டு இருக்கிறது’ என்று மட்டும் எழுதுங்கள். காரணத்தைத் தனி வரியில் வைத்துக்கொள்ளலாம்.

சேகரிப்பாளரை ஏமாற்றவே செய்த காசுகள் முற்றிலும் வேறு இனம். ஜெர்மானியரான கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) தம் கையால் அச்சு வெட்டிப் பழங்கிரேக்க, ரோமக் காசுகளைச் செய்தார். அந்தக் காசுகள் புழக்கத்துக்குப் போனதே இல்லை. பழங்காலத்தின் கீழ் அவற்றை வைக்காமல் 19ஆம் நூற்றாண்டின் கீழ், அவர் பெயரோடு வையுங்கள். நம் ஊர்களில் லட்சக்கணக்கில் விலை சொல்லி அலைக்கழிக்கும் 1818 ஆண்டிட்ட ‘கிழக்கிந்தியக் கம்பெனி’ அனுமன், இலட்சுமி அணாக்கள் இன்னொரு வகை. அப்படி ஒரு காசைக் கம்பெனி வெளியிடவே இல்லை. மூலமே இல்லாததற்குச் சாயல் ஏது? ‘கற்பனைக் காசு’ என்பதே சரி. மாறாக, 1780 என்று பொறித்த, ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் தாலர் என்ற வெள்ளிக் காசு அந்த அரசி இறந்த பின்னும் பல நாடுகளில் அடிக்கப்பட்டது, பம்பாய் நாணயச்சாலையிலும்கூட. அது மறு அச்சு, போலி ஆகாது.

எடை, விட்டம், உலோகம், இருபக்க உருவங்களும் ஒன்றுக்கொன்று நிற்கும் கோணம், விளிம்பில் வார்ப்புத் தையல் (வார்ப்பச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு) உண்டா என்பது: இவை கண்ணால் கண்டவை. ‘கள்ளம்’, ‘சாயல்’ என்பது நம் தீர்ப்பு. இரண்டையும் ஒரே வரியில் கலந்துவிட்டால் பின்னால் வருபவர் நம் தீர்ப்பைத் திருத்தவே முடியாது.

இக்காலப் போலி என்று உறுதியானாலும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். படமெடுத்து, எடையோடு தனிப்பகுதியில் வையுங்கள். நாளை இன்னொருவர் கையில் உள்ள காசிலும் அதே இடத்தில் அதே கீறலும் அதே பள்ளமும் தெரிந்தால், இரண்டும் ஒரே தாய்க்காசை வைத்து வார்த்தவையோ என்று உடனே ஐயப்பட அந்தப் படம்தான் உதவும்.