கொலாஜ் கண்காட்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவியம் பயிலும் மாணவர்களை ஆண்டுதோறும் கண்காட்சிகளுக்கு அழைத்துச் செல்கிறேன். ஓவியத்தோடு கொலாஜையும் (படம், காகிதம், துணி முதலியவற்றை ஒட்டி உருவாக்கும் கலை) சேர்த்துப் படைக்கும் ஓவியர் என்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பியின் படைப்புகளுக்கு முன்னால் அவர்கள் செய்யும் தவறுகள் எல்லாம் நானும் ஒரு காலத்தில் செய்தவையே. 1983இல் நைஜீரியாவின் எனுகு நகரில் பிறந்த அவர், பதின்பருவத்தில் அமெரிக்கா சென்று, லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறியவர். தொடக் கூடாது, ஃபிளாஷ் கூடாது என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

எட்ட நின்றே நகர்ந்துவிடுதல்

இவருடைய படைப்புகளில் பல ஆளுயரத்தையும் மிஞ்சியவை. பத்தடி தள்ளி நின்றால், கூடத்தில் கணவனும் மனைவியும் அமர்ந்திருக்கிறார்கள், மேசையருகே ஒரு பெண் இருக்கிறாள் என்று காட்சி உடனே விளங்கிவிடும். விளங்கிவிட்டதே என்ற அந்தத் திருப்திதான் ஏமாற்றுகிறது. முதல்முறை சென்றபோது, தரையில் இருப்பது பூப்போட்ட விரிப்பு என்றே எண்ணி, ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வெளியே வந்தேன். ஊர் திரும்பிய பின், அதே படைப்பின் ஒரு மூலையைப் பெரிதாக அச்சிட்டிருந்த புத்தகத்தைப் புரட்டியபோதுதான் பூக்கள் என்று நினைத்தவை முகங்கள் என்று தெரிந்தது: குடும்பப் புகைப்படங்கள், நைஜீரியப் பத்திரிகைப் பக்கங்கள், பாடகர்கள். அதற்குள் கண்காட்சி முடிந்துவிட்டது. அவ்வளவு தொலைவு பயணம் செய்தும் பார்க்காமல் வந்தோமே என்ற ஆற்றாமை இன்றும் தீரவில்லை.

இப்போது மாணவர்கள் செல்பேசித் திரையில் முழுப் படைப்பும் அடங்க வேண்டும் என்பதற்காகப் பின்னால் நகர்ந்துகொண்டே போவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளங்கையளவு திரையில் அந்த முகங்கள் மறுபடியும் பூவேலையாகச் சுருங்கிவிடுகின்றன. முதலில் தள்ளி நின்று பாருங்கள். பிறகு அனுமதிக்கப்பட்ட எல்லைவரை நெருங்கி, ஒரு மூலையில் தொடங்கி மெல்ல நகருங்கள். அதன்பின் பழைய இடத்துக்கே திரும்பி வந்து இன்னொரு முறை பாருங்கள்.

எல்லாமே வெட்டி ஒட்டியவை என்று நினைத்தல்

இவர் காகிதமும் துணியும் ஒட்டுவது உண்மை. ஆனால் அந்தச் சிறு படங்களில் பெரும்பாலானவை ஒட்டப்பட்டவை அல்ல. அச்சிட்ட படத்தைக் காகிதத்தின்மேல் கவிழ்த்து வைத்து, பின்புறம் அசிட்டோன் போன்ற கரைப்பானைத் தடவித் தேய்த்தால், மை அடியிலுள்ள காகிதத்தில் இறங்கிவிடும். படம் இடவலம் மாறிப் பதியும். ஓரத்தில் தடிப்பு இருக்காது, நிறமும் சற்று மங்கியிருக்கும். வரைந்த கையின் தோலிலேயே இன்னொரு முகம் தெரிவது இதனால்தான்.

விவரப் பலகையில் தலைப்போடு நிறுத்துதல்

என்னென்ன பொருள்களால் செய்தது என்ற வரியையும் படியுங்கள்.

ஒரே நாளில் எல்லா அறைகளும்

வேண்டாம். நான்கு படைப்புகள் போதும்.

யார் இவர் என்று தேடிக்கொண்டே இருத்தல்

ஒரு மாணவி ஒவ்வொரு முகத்தையும் செல்பேசியில் தேடிக்கொண்டிருந்தாள். தேடலாம், பயனும் உண்டு. போலி மருந்துகளை எதிர்த்துப் பெயர்பெற்ற டோரா அகுன்யிலி கிராஸ்பியின் தாய் என்பதும், அவர் உருவம் அச்சிட்ட துணி சில படைப்புகளில் இடம்பெறுகிறது என்பதும் தெரிந்தால் பார்வை மாறும். ஆனால் அந்த முகம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, எதன் அருகில், எவ்வளவு பெரிதாக என்பதைச் சுவரில்தான் பார்க்க முடியும். செல்பேசியைப் பைக்குள் வைக்கச் சொன்னேன். மூடும் நேரம் என்று காவலர் வந்து அழைக்கும்வரை அவள் அந்த ஒரு படைப்பின் முன்னாலேயே நின்றாள்.