ஆன்லைன் கடைக்கு எந்த ஃப்ரேம்வொர்க்? ஹோஸ்டிங்கிலிருந்து தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மசாலா, ஊறுகாய், விளக்கு, காவடிச் சாமான் விற்கும் கடைக்கு ஆன்லைன் ஸ்டோர் எழுதப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது பொருள், எல்லாருக்கும் ஒரே விலை என்றால் வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் தயார் கடை) போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். புரட்டாசிக்கு மட்டும் ஒரு தொகுப்பு, மொத்தமாக வாங்குகிறவருக்குத் தனி விலை, சாட்ஸ்வொர்த்துக்குச் சொந்த வண்டி, ஜோகன்னஸ்பர்க்குக்குக் கூரியர் என்று கிளைகள் முளைக்கும்போதுதான் ஒரு ஃப்ரேம்வொர்க்கை, அதாவது இணையதளம் எழுதத் தயாராகக் கிடைக்கும் சட்டகத்தை, வைத்துச் சொந்தமாக எழுத வேண்டியிருக்கும்.

படி 1: எங்கே ஓடப் போகிறது?

சிபேனலோடு (பிரவுசரிலேயே சர்வரை நிர்வகிக்கும் பலகை) வரும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்வது, என்றால் பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கான லாராவெல். பிஎச்பியும் மைஎஸ்க்யூஎலும் அங்கே தயாராக இருக்கும். விபிஎஸ் (உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் மெய்நிகர் சர்வர்) எடுக்க முடிந்தால் பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோ. என் ஓட்டு ஜாங்கோவுக்குத்தான், காரணம் அதோடு தயாராக வரும் அட்மின் பக்கம். ஸ்டாக் ஏற்றப் போகிறவர் கடையில் இருக்கும் அத்தையோ மாமாவோதான். அவர்களுக்கென்று தனித் திரை எழுதும் வேலை மிச்சம். நோடில் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) எல்லாவற்றையும் தனித்தனியாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும், முதல் கடைக்கு அது வேண்டாம்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் இரண்டு கண்ணி உண்டு. டொமைன், லாராவெலின் பப்ளிக் ஃபோல்டரைக் காட்ட வேண்டும். மொத்த ப்ராஜெக்ட்டையும் காட்டினால் பாஸ்வேர்டு இருக்கும் என்வி (.env) கோப்பை யார் வேண்டுமானாலும் பிரவுசரில் திறந்து பார்க்கலாம். இன்னொன்று, மின்னஞ்சல் அனுப்புவது போன்ற பின்னணி வேலைகளை வரிசையாக முடிக்கும் க்யூ வொர்க்கர் அங்கே நிரந்தரமாக ஓடாது. அதை நிமிடத்துக்கு ஒருமுறை தொடங்கிவைக்கும் கிரான் (நேரம் குறித்து ஓடும் கட்டளை) போட்டு, வேலை தீர்ந்ததும் நிற்கும்படி விடுங்கள்.

படி 2: மாட்யூல்களைப் பிரிப்பது

பொருள், கூடை, ஆர்டர், கட்டணம், விநியோகம். ஐந்து போதும். ஒவ்வொன்றையும் தனிச் செயலியாக ஓட்டும் மைக்ரோசர்வீஸ் ஆசையை மூட்டை கட்டி வையுங்கள். ஒரே ப்ராஜெக்ட், ஒரே டேட்டாபேஸ். ஒரு மாட்யூல் இன்னொன்றின் டேபிளைத் தொடாமல், அதன் ஃபங்ஷனைக் கூப்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஆர்டர் வரியில் பொருளின் பெயரையும் விலையையும் நகல் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் தீபாவளிக்கு விலை ஏற்றியதும் பழைய இன்வாய்ஸிலும் விலை ஏறிவிடும்.

படி 3: கட்டணம்

பலர் சிக்குவது இங்கேதான். ஆன்லைனில் பணம் வாங்கித்தரும் பேஃபாஸ்ட் சேவையை எடுத்துக்கொள்வோம். பணம் கட்டியவர் திரும்பி வரும் பக்கம் ஒன்று, பேஃபாஸ்ட் சர்வர் நேரே உங்கள் சர்வருக்குச் செய்தி அனுப்பும் முகவரி ஒன்று. முன்னதை நம்பி ஆர்டரை 'கட்டியாச்சு' என்று மாற்றாதீர்கள். அவர் பாதியிலேயே பிரவுசரை மூடலாம், அந்த முகவரியை வேறு யாராவது தட்டச்சு செய்தும் வரலாம். பின்னதுதான் சாட்சி.

அந்தச் செய்தி வெளியிலிருந்து வரும் போஸ்ட் (POST) கோரிக்கை என்பதால், வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் ஃப்ரேம்வொர்க்கின் சிஎஸ்ஆர்எஃப் காவல் அதையும் தடுத்துவிடும்: ஜாங்கோவில் பிழை எண் 403, லாராவெலில் 419. வாடிக்கையாளர் பணம் போயிருக்கும், ஆர்டர் 'காத்திருப்பு' என்றே நிற்கும். அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள், முழுக் காவலையும் அணைக்க வேண்டாம்.

அடுத்து கையெழுத்துச் சரிபார்ப்பு, அதாவது செய்தி பேஃபாஸ்ட்டிலிருந்துதான் வந்ததா என்று பார்ப்பது. வந்த வரிசையிலேயே புலங்களை இணைத்து, கடைசியில் பாஸ்ஃப்ரேஸைச் (உங்களுக்கும் பேஃபாஸ்ட்டுக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சொல்) சேர்த்து எம்டி5 (எழுத்துகளிலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறியீடு) எடுக்க வேண்டும். அகர வரிசைப்படுத்தினால் பொருந்தாது. மதிப்புகளை யூஆர்எல் என்கோடிங் செய்யும்போது இடைவெளி கூட்டல் குறியாக வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான என்கோடிங் அதை %20 ஆக்கிவிடும். நீங்கள் அனுப்பும் படிவத்தில் வெற்றுப் புலங்களை விட்டுவிட வேண்டும். திரும்பி வரும் செய்தியைச் சரிபார்க்கும்போது அவற்றையும் சேர்க்க வேண்டும். ஒரே ஃபங்ஷனை இரண்டுக்கும் வைத்தால் ஒரு பக்கம் தோற்கும்.

கையெழுத்து சரியென்றாலும் தொகையை ஆர்டரோடு ஒப்பிடுங்கள். அதே செய்தி இருமுறை வரலாம், ஆகவே பரிவர்த்தனை எண்ணுக்கு, அதே எண் இரண்டாம் முறை ஏறாதபடி, டேட்டாபேஸில் யுனீக் விதி போடுங்கள். சோதனைக்கு, நிஜப் பணம் கைமாறாத சாண்ட்பாக்ஸ் உண்டு. ஆனால் உங்கள் லேப்டாப்பின் லோக்கல்ஹோஸ்ட்டை அது எட்டாது, லேப்டாப்புக்கு வெளியிலிருந்து வழி திறக்கும் என்க்ராக் போன்ற சுரங்கம் வேண்டும்.

நாளை யோகோ, ஓசோ என்று வேறு கட்டணச் சேவைக்கு மாறலாம். கட்டண மாட்யூல் வெளியே காட்டுவது மூன்றே ஃபங்ஷனாக இருக்கட்டும்: தொடங்கு, சரிபார், திருப்பிக் கொடு.

படி 4: விலையும் முகவரியும்

தொகையைச் சென்ட்டில், முழு எண்ணாக வையுங்கள்: ராண்ட் 199.99 என்றால் 19999. வாட் (மதிப்புக்கூட்டு வரி) பதிவு உள்ள கடையில் காட்டும் விலையிலேயே 15% வாட் அடங்கியிருக்கும். அதைப் பிரிக்க 15/115 ஆல் பெருக்குங்கள், 15% கழித்தால் தப்பு. 115 ராண்டில் வரி 15 ராண்ட்.

அஞ்சல் குறியீடு நான்கு இலக்கம். எண்ணாகச் சேமித்தால் பிரிட்டோரியாவின் 0002 வெறும் 2 ஆகிவிடும், கூரியர் லேபிளும் கெடும். டெக்ஸ்ட்டாகவே வையுங்கள்.

பின்சேர்க்கை: படி 3இல் சொன்ன 419க்கு விலக்கு எழுதும் கோப்பு காணவில்லை என்று சிலர் கேட்டார்கள். லாராவெல் 11இலிருந்து தொடங்கும் புது ப்ராஜெக்ட்டில் அந்தத் தனி மிடில்வேர் (வரும் கோரிக்கையை முதலில் சோதிக்கும் பகுதி) கோப்பு கிடையாது. பூட்ஸ்ட்ராப் ஃபோல்டரில் இருக்கும் ஆப் (app.php) கோப்பின் மிடில்வேர் பகுதியில் எழுதுங்கள்.